முள்ளம்பன்றியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முள்ளம்பன்றி என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முள்தான். கேள்விகளும் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். முள் அதன் உயிரைக் காக்கிறது, சரி. ஆனால் அதற்குச் சோறு போடுவது பல். இந்தப் பக்கத்தில் முள்ளைப் பற்றிய கேள்விகளை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் பல்லுக்கும் வளைக்கும் குட்டிகளுக்கும் போவோம்.

முள்ளம்பன்றி முள்ளை அம்பு மாதிரி எய்யுமா?

எய்யாது. எய்வதற்கான எந்த அமைப்பும் அதன் உடலில் கிடையாது. முள் தோலில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும். எதிரியின் மூக்கோ காலோ அதன் மேல் பட்டால் முள் குத்தி ஏறும், உடனே முள்ளம்பன்றியின் தோலிலிருந்து கழன்றுகொள்ளும். கோபத்தில் உடலை உதறும்போது, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த சில முட்கள் தரையில் உதிர்வதும் உண்டு. இதைத் தூரத்திலிருந்து பார்த்த யாரோ ஒருவர் "எய்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். நடந்ததைவிடக் கதை சுவாரசியமாக இருந்ததால் அது நிலைத்துவிட்டது.

எவ்வளவு காலமாக நிலைத்திருக்கிறது தெரியுமா? கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே முள்ளம்பன்றி முள்ளை எய்வதாக எழுதிவைத்தார். விலங்குகளை அவ்வளவு கவனமாகப் பார்த்தவரே நம்பிவிட்டார் என்றால் மற்றவர்களைக் குறைசொல்ல முடியாது. 1394இல் பிரான்சில் ஓர்லியான் பிரபு லூயி, முள்ளம்பன்றியின் பெயரிலேயே ஒரு வீரர் அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் அவருடைய பேரன் பன்னிரண்டாம் லூயி பிரான்சின் அரசரானபோது முள்ளம்பன்றியையே தன் சின்னமாக வைத்துக்கொண்டார். அந்தச் சின்னத்தின் வாசகம் "அருகிலும் தொலைவிலும்". அதாவது, பக்கத்தில் வந்தால் குத்துவேன், தள்ளி நின்றால் எய்வேன் என்று எதிரிகளுக்கு மிரட்டல். பாதி மிரட்டல் பொய் என்பது அரசருக்கும் தெரியாது, எதிரிக்கும் தெரியாது.

முள் எதனால் ஆனது?

முடிதான். உங்கள் தலைமுடியும் நகமும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. முடி தடித்து, இறுகி, முனை கூர்மையாகிவிட்டது, அவ்வளவே. உள்ளே கடற்பஞ்சு போன்ற லேசான பொருள் நிறைந்திருப்பதால் எடை மிகக் குறைவு. ஒரு முள் விழுந்தால் அதே இடத்தில் புதிதாக ஒன்று முளைத்துவிடும்.

குளிரில் உங்களுக்குக் கை புல்லரிக்கும் அல்லவா? ஒவ்வொரு முடியின் அடியிலும் இருக்கும் குட்டித் தசை சுருங்குவதால் அது நடக்கிறது. முள்ளம்பன்றி முள்ளை விறைத்து நிறுத்துவதும் தோலுக்கு அடியில் உள்ள தசைகளால்தான். பயம் இல்லாதபோது முட்கள் பின்பக்கமாகப் படிந்து கிடக்கும். அந்த நேரத்தில் பார்த்தால் உருவமே பாதியாகத் தெரியும்.

ஒரு முள்ளம்பன்றிக்கு எத்தனை முட்கள்?

வட அமெரிக்க முள்ளம்பன்றிக்கு ஏறக்குறைய 30,000. அவை சிறியவை, விரல் நீளத்துக்கு மேல் போகாது, அடர்ந்த ரோமத்துக்குள் பாதி மறைந்திருக்கும். இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவற்றுக்கு எண்ணிக்கை குறைவு, நீளம் அதிகம். முதுகில் உள்ள நீண்ட முட்கள் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். முகத்திலும் வயிற்றிலும் குத்தும் முட்கள் இருக்காது. அதன் எதிரிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

குத்திய முள்ளைப் பிடுங்குவது ஏன் அவ்வளவு கடினம்?

வட அமெரிக்க வகையின் முள் நுனியை நுண்ணோக்கியில் பார்த்தால் விடை கிடைக்கும். கடைசி 4 மில்லிமீட்டரில் மட்டும் எழுநூறு எண்ணூறு நுண்ணிய செதில்கள் பின்னோக்கி அடுக்கியிருக்கும். உள்ளே போகும்போது அவை படிந்து வழிவிடும். வெளியே இழுத்தால் விரிந்து சதையில் மாட்டிக்கொள்ளும். பிடுங்காமல் விட்டால் இன்னும் மோசம். குத்துப்பட்ட விலங்கின் தசை அசைய அசைய முள் மெல்ல மெல்ல உள்ளேயே நகரும்.

2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதில் எதிர்பாராத ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். செதில் இருந்தால் குத்துவதற்கு அதிக விசை வேண்டும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக இருந்தது. செதிலில்லாத முள்ளுக்குத் தேவைப்படும் விசையில் ஏறக்குறைய பாதியே செதிலுள்ள முள்ளுக்குப் போதும். வலியில்லாமல் குத்தும் ஊசி செய்யவும், காயத்தில் கெட்டியாகப் பிடிக்கும் ஒட்டுப்பட்டை செய்யவும் இந்த அமைப்பைப் பின்பற்ற முடியுமா என்று அவர்கள் யோசித்தார்கள்.

இந்தியா, ஆப்பிரிக்கா முள்ளம்பன்றிகளின் முள்ளில் இப்படிச் செதில் கிடையாது. ஆனால் தடிமனும் நீளமும் அதிகம் என்பதால் ஆழமாக இறங்கும், ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும்.

எதிரி வந்ததும் குத்தத் தொடங்கிவிடுமா?

குத்துவது கடைசி வேலை. அதற்கு முன் அது செய்யும் எச்சரிக்கைகளைப் பார்த்தால், சண்டையே வேண்டாம் என்று கெஞ்சுவது போலத்தான் இருக்கும். முள்ளை விறைத்து உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும். காலால் தரையைத் தட்டும். உறுமும். ஆசிய, ஆப்பிரிக்க முள்ளம்பன்றிகளின் வால் நுனியில், முனை திறந்த, உள்ளே காலியான தடித்த முட்கள் ஒரு கொத்தாக இருக்கும். வாலை ஆட்டினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுப்பை போல ஒலிக்கும். இருட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அனுபவமுள்ள சிறுத்தை யோசிக்கும்.

வட அமெரிக்க முள்ளம்பன்றி வேறு வழியும் வைத்திருக்கிறது. பல்லைக் கடகடவென்று நெரிக்கும். அத்தோடு முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து மூக்கைத் துளைக்கும் ஒரு நெடியையும் கிளப்பும். கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் தனித்தனியாக எச்சரிக்கை! இதற்கும் அசராமல் நெருங்கினால்தான் வாலால் ஓங்கி அடிக்கும். நீண்ட முள் வகைகளோ முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே எதிரி மேல் பாயும். முன்னால் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்று பின்னோக்கிப் பாய்ந்தால், துரத்தி வந்த விலங்கு நேரே முள்ளில் போய் மோத வேண்டியதுதான்.

அப்படியென்றால் அதை வேட்டையாடும் விலங்கே இல்லையா?

இருக்கின்றன. புலி, சிறுத்தை, சிங்கம், வட அமெரிக்காவில் மலைச்சிங்கம் எல்லாம் முயல்வதுண்டு. ஆனால் இதில் கைதேர்ந்தது, பூனை அளவே உள்ள ஃபிஷர் என்ற விலங்கு. மரநாய் போல நீண்ட உடம்பு, கீரியைப் போலச் சுறுசுறுப்பு. அது முள் பக்கம் போகவே போகாது. முள்ளம்பன்றியைச் சுற்றிச் சுற்றி வந்து, முள் இல்லாத முகத்தை மட்டும் மீண்டும் மீண்டும் கடிக்கும். முள்ளம்பன்றி களைத்து விழுந்ததும் வயிற்றுப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கும். அமெரிக்காவில் முள்ளம்பன்றிகள் மரங்களைக் கொறித்துப் பாழாக்குகின்றன என்று, 1950, 60களில் சில மாநிலங்களின் காடுகளில் ஃபிஷர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எதிர்பார்த்தபடியே முள்ளம்பன்றிகள் குறைந்தன.

பெரிய வேட்டை விலங்குகளுக்கு இது ஆபத்தான இரை. இமயமலைப் பகுதியில் முக்தேசர் என்ற இடத்தில் ஒரு பெண்புலி முள்ளம்பன்றியோடு மோதியதில் ஒரு கண்ணை இழந்தது. முன்னங்காலில் ஏறக்குறைய ஐம்பது முட்கள் ஏறி, புண்ணாகிப் புரையோடிவிட்டது. மானைத் துரத்த முடியாமல் போன அந்தப் புலிதான் பிறகு மனிதர்களைக் கொல்லத் தொடங்கியது என்று, அதைச் சுட்ட ஜிம் கார்பெட் பதிவு செய்திருக்கிறார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு வாழ்நாள் முழுவதும் நொண்டியாவது எந்தப் புலிக்கும் நல்ல வியாபாரம் இல்லை.

தன் முள்ளே தன்னைக் குத்தாதா?

குத்தும். முக்கியமாக மரமேறும் வகைகளுக்கு. கிளை நுனியில் உள்ள இளந்தளிருக்கு ஆசைப்பட்டு, தன் எடையைத் தாங்காத கிளையில் போய் நிற்கும். கிளை ஒடியும், முள்ளம்பன்றி கீழே விழும், அதன் முள் அதன் உடம்பிலேயே ஏறும். வட அமெரிக்க முள்ளம்பன்றிகளின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது முறிந்து ஆறிய எலும்புகள் நிறையவே தென்பட்டன. விழுவது அவற்றுக்கு அபூர்வமான விபத்து இல்லை.

பல ஆண்டுகள் காட்டில் முள்ளம்பன்றிகளைப் பின்தொடர்ந்த உல்டிஸ் ரோஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு புதிரைக் கவனித்தார். முள் குத்திய இடம் சீழ் பிடிக்காமல் ஆறிவிடுகிறதே, எப்படி? முள்ளின் மேல் கொழுப்பு அமிலங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதையும், அவை பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதையும் 1990இல் வெளியிட்டார். எதிரியின் புண் ஆறட்டும் என்று முள்ளம்பன்றி மருந்து பூசி வைத்திருக்காது. அடிக்கடி குத்துப்படுவது தானே என்பதால் இந்தப் பூச்சு அதற்கே உதவியிருக்க வேண்டும் என்பது ரோஸின் கருத்து. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

முள்ளம்பன்றி, பன்றி இனமா?

இல்லை. பன்றிக்குக் குளம்பு உண்டு, இதற்கு நகமுள்ள விரல்கள். எலி, அணில், பீவர் இவற்றோடு சேர்ந்த கொறிக்கும் விலங்கு இது. அந்தக் கூட்டத்தில் எடையில் முதலிடம் தென் அமெரிக்காவின் கேப்பிபராவுக்கு. அடுத்து பீவர். அதற்கு அடுத்து முள்ளம்பன்றி. ஆப்பிரிக்காவின் பெரிய வகைகள் 20 கிலோவைத் தாண்டும். இரண்டு கிலோவுக்கும் குறைவான சிறு வகைகளும் உலகில் உண்டு.

முள்ளெலி இதன் குட்டியா?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். முள்ளெலி தனி விலங்கு, உறவுகூட இல்லை. அது பூச்சியும் புழுவும் தின்னும். முள் ஓர் அங்குலம் இருந்தால் பெரிது, எளிதில் கழலாது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். முள்ளம்பன்றி சுருளாது. ஆஸ்திரேலியாவின் எகிட்னாவுக்கும் முள் உண்டு. அதுவோ முட்டையிடும் பாலூட்டி! ஒரே பாதுகாப்பு உத்தி, தொடர்பில்லாத விலங்குகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

உலகில் எங்கெல்லாம் முள்ளம்பன்றிகள் இருக்கின்றன?

இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று ஆசியா, ஆப்பிரிக்கா, இத்தாலி ஆகிய இடங்களில். தரையில் நடந்து, வளையில் வாழ்பவை. துருக்கியிலிருந்து அரேபியா, ஈரான் வழியாக இந்தியா, இலங்கை வரை பரவியிருக்கும் இந்திய முள்ளம்பன்றி இந்தக் குடும்பம்தான். இன்னொரு குடும்பம் அமெரிக்கக் கண்டங்களில், அலாஸ்காவின் பனிக்காடு முதல் தென் அமெரிக்க மழைக்காடு வரை. அவை பெரும்பாலும் மரத்தில் வாழ்பவை.

இரண்டும் முள்ளோடு இருப்பதால் நெருங்கிய சொந்தம் என்று தோன்றும். அப்படியில்லை. அமெரிக்க முள்ளம்பன்றிக்கு, ஆப்பிரிக்க முள்ளம்பன்றியைவிடக் கினிப்பன்றி என்ற சிறிய கொறிக்கும் விலங்கு நெருங்கிய உறவு. பல கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவிலிருந்து கொறிக்கும் விலங்குகள் சில, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட செடிகொடித் திட்டுகளில் ஒட்டிக்கொண்டு கடல் கடந்து தென் அமெரிக்கா சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அவற்றின் வழித்தோன்றல்களில் ஒரு கிளை கினிப்பன்றி ஆயிற்று, ஒரு கிளை கேப்பிபரா ஆயிற்று, இன்னொன்று புதிதாக முள் வளர்த்துக்கொண்டது.

மரம் ஏறும் வகைகள் எப்படி ஏறுகின்றன?

வட அமெரிக்க வகைக்கு உள்ளங்கால் மயிரில்லாமல் சொரசொரப்பாக இருக்கும், நகங்கள் வளைந்து நீண்டிருக்கும். வாலின் அடியில் உள்ள விறைப்பான மயிரை மரத்தில் ஊன்றி உடலைத் தாங்கிக்கொள்ளும். இறங்கும்போது வால்தான் முதலில் வரும். தென் அமெரிக்காவில் வாலாலேயே கிளையைச் சுற்றிப் பிடிக்கும் வகைகள் உண்டு. குரங்கின் வால் கீழ்நோக்கிச் சுருண்டு பிடிக்கும். இவற்றின் வால் மேல்நோக்கிச் சுருளும்.

முள்ளம்பன்றி என்ன சாப்பிடும்?

இனி பல்லின் கதை. கிழங்கு, வேர், குமிழ்த்தண்டு, உதிர்ந்த பழம், மரப்பட்டை, இலைமொட்டு என்று கிட்டத்தட்ட முழுச் சைவம். தரைவாழ் வகைகளுக்கு மூக்கு மிகவும் கூர்மை. மண்ணுக்கு அடியில் கிழங்கு எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து நேரே அங்கே தோண்டும். வயலில் கிழங்கோ காய்கறியோ இருந்தால் அதையும் விடாது. அங்கேதான் மனிதரோடு தகராறு தொடங்குகிறது.

குளிர்நாட்டு வகைகளுக்குப் பனிக்காலத்தில் கிடைப்பது பட்டையும் ஊசியிலையும் மட்டுமே. பட்டையின் வெளிப்புறத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்ளே உள்ள மெல்லிய சத்தான படலத்தைத் தின்னும். அதில் உள்ள மரநாரை மனிதரால் செரிக்க முடியாது. முள்ளம்பன்றியின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பை இருக்கிறது. அதில் வாழும் பாக்டீரியாக்கள் மரநாரை நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. அப்படியும் குளிர்காலம் முடிவதற்குள் இளைத்துவிடும்.

சைவம் என்றால் ஏன் எலும்பைக் கொறிக்கிறது?

தின்பதற்கு இல்லை, தாதுக்களுக்கு. கிழங்கிலும் வேரிலும் கால்சியமும் பாஸ்பரஸும் போதுமான அளவு இருப்பதில்லை. செத்த விலங்குகளின் காய்ந்த எலும்பைச் சுரண்டினால் இரண்டும் கிடைக்கும். அதனால் வழியில் கிடக்கும் எலும்பைக் கவ்விக்கொண்டு வளைக்கோ குகைக்கோ போகும், ஆற அமர உட்கார்ந்து கொறிக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே குகையில் இது நடந்தால் உள்ளே எலும்புக் குவியலே சேர்ந்துவிடும்.

இதில் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் தொல்லுயிர் ஆய்வாளர்கள்தான். தென் ஆப்பிரிக்கக் குகைகளில் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. அவற்றை உள்ளே கொண்டுவந்தது யார்? ஆதிமனிதனா, கழுதைப்புலியா, சிறுத்தையா? ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு வரலாற்றைச் சொல்லும். நல்லவேளையாக முள்ளம்பன்றி கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகும். அதன் வெட்டுப்பல் எலும்பில் அகலமான, தட்டையான அடிப்பகுதி கொண்ட பள்ளங்களைப் பக்கம் பக்கமாக விட்டுச்செல்லும். வேட்டை விலங்கின் கோரைப்பல் தடம் இப்படி இருக்காது, கல் ஆயுதத்தின் கீறலும் இப்படி இருக்காது. எனவே குகையில் எலும்பு கிடைத்தால் ஆய்வாளர்கள் முதலில் சரிபார்க்கும் விஷயங்களில் ஒன்று, முள்ளம்பன்றியின் பல் பட்டிருக்கிறதா என்பது.

அது கோடாரிக் காம்பைத் தின்னும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உப்பு மேல் உள்ள வெறி அது. இலைதழைகளில் பொட்டாசியம் நிறைய, சோடியம் மிகக் குறைவு. அந்தக் கணக்கைச் சரிசெய்ய உப்பைத் தேடி அலையும். மனிதக் கை வியர்வை ஊறிய கோடாரிக் காம்பு, படகுத் துடுப்பு, ப்ளைவுட் பலகையில் உள்ள பசை, பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டிய உப்பு படிந்த வண்டி டயர் எல்லாமே அதற்குத் தின்பண்டம். வட அமெரிக்கக் காடுகளில் காரை நிறுத்திவிட்டு மலையேறப் போகிறவர்கள் வண்டியைச் சுற்றிக் கம்பிவலை கட்டிவிட்டுப் போகும் இடங்கள்கூட உண்டு.

இப்படிக் கொறித்தால் பல் தேய்ந்துவிடாதா?

தேயும். ஆனால் முன்வெட்டுப் பற்கள் நான்கும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் கெட்டியான எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மையான பொருள். கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, முன்பக்கம் உளியின் விளிம்பாகக் கூர்பெறும். பல் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எனாமலில் கலந்திருக்கும் இரும்புச் சத்து தரும் நிறம் அது, உறுதியும் அதனால்தான்.

பகலில் ஏன் கண்ணில் படுவதே இல்லை?

இரவு விலங்கு என்பதால். பகல் முழுவதும் வளையிலோ பாறை இடுக்கிலோ தூங்கும். வளையைத் தானே தோண்டும், வேறு விலங்கு விட்டுப்போன வளையைப் பெரிதாக்கியும் எடுத்துக்கொள்ளும். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இந்திய முள்ளம்பன்றிகளைக் கவனித்த ஆய்வாளர்கள், நிலா வெளிச்சம் உள்ள இரவுகளில் அவை வெளியே சுற்றுவதைக் குறைத்துக்கொள்வதைக் கண்டார்கள். வெளிச்சத்தில் எதிரியின் கண்ணில் பட்டுவிடுவோம் என்ற எச்சரிக்கை. அவ்வளவு முள்ளையும் சுமந்துகொண்டு இவ்வளவு பயமா என்று கேட்கலாம். முள்ளைப் பயன்படுத்தும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வழக்கம்.

குளிர்காலம் முழுவதும் தூங்கிவிடுமா?

தூங்காது. கடும் பனியிலும் இரை தேடும். மிக மோசமான நாட்களில் மட்டும் பொந்தைவிட்டு வெளியே வராது.

முள்ளோடு குட்டி பிறந்தால் தாய்க்கு வலிக்காதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி, நல்ல கேள்வியும்கூட. பிறக்கும்போது முட்கள் ஈரமாக, மென்மையாக, உடலோடு படிந்து இருக்கும். குட்டியைச் சுற்றி மெல்லிய பையும் இருக்கும். எனவே தாய்க்குக் குத்துவதில்லை. காற்றுப் பட்டதும் முட்கள் உலர்ந்து இறுகத் தொடங்கும். வட அமெரிக்க வகைக்குச் சில மணி நேரம் போதும். நீண்ட முள் வகைகளுக்குச் சில நாட்கள் ஆகும். அதுவரை குட்டி வளையைவிட்டு வெளியே வராது.

வட அமெரிக்கத் தாய் ஏறக்குறைய 210 நாட்கள் குட்டியைச் சுமக்கிறது. வீட்டு எலி மூன்றே வாரத்தில் ஈன்றுவிடும்! அவ்வளவு காலம் வயிற்றில் இருந்ததால் குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், பல்லும் இருக்கும். பொதுவாக ஒரு குட்டிதான். தாய் பகலில் மரத்தின் மேல் தூங்க, குட்டி கீழே புதரிலோ பொந்திலோ ஒளிந்திருக்கும். இரவானால் தாய் இறங்கி வந்து பால் கொடுக்கும்.

அப்பா முள்ளம்பன்றி குட்டியைப் பார்த்துக்கொள்ளுமா?

வட அமெரிக்காவில் இல்லை, அங்கே தாய் மட்டும்தான். ஆசிய, ஆப்பிரிக்கப் பெரிய வகைகள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்தே குடும்பம் நடத்தும். ஒரே வளை, பல ஆண்டுகள் அதே ஜோடி, முந்தைய ஈற்றுக் குட்டிகளும் கூடவே. குட்டி முதன்முறை வெளியே போகும்போது பெரியவை துணைக்குப் போகும். இந்த வகைத் தாய்க்குப் பால்காம்புகள் வயிற்றில் இல்லாமல் உடலின் பக்கவாட்டில், தோளுக்குப் பின்னால் இருக்கும். தாய் பக்கவாட்டில் சாய வேண்டிய அவசியமே இல்லை, குட்டி பக்கத்தில் வந்து நின்றே குடிக்கலாம்.

நீந்தத் தெரியுமா? எத்தனை ஆண்டுகள் வாழும்?

நீந்தும். வட அமெரிக்க வகையின் முட்களுக்குள் காற்று இருப்பதால் மிதப்பது எளிது. வயதைப் பொறுத்தவரை, கொறிக்கும் விலங்குகளில் இது நீண்ட ஆயுள்காரர். விலங்குக் காட்சிசாலைகளில் 20 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தவை உண்டு. வீட்டு எலி இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தாலே பெரிது.

பயிரைத் தின்கிறது, மரத்தைக் கெடுக்கிறது. இதனால் யாருக்காவது நன்மை உண்டா?

பயிர் சேதம் உண்மையான பிரச்சினை. ஓர் இரவில் கிழங்கு வயலைக் கிளறிவிட்டுப் போனால் அந்த விவசாயியிடம் போய் முள்ளம்பன்றியைப் புகழ்ந்து பேச முடியாது. தென்னங்கன்று, ரப்பர் மரம் போன்றவற்றின் அடிப்பட்டையைச் சுற்றிக் கொறித்துவிட்டால் மரமே பட்டுப்போகும்.

நெகேவ் பாலைவனத்தில் இதன் மறுபக்கம் தெரிகிறது. அங்கே மண் மேற்பரப்பு இறுகிப்போய்க் கிடக்கும், மழை பெய்தால் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். முள்ளம்பன்றி குமிழ்த்தண்டைத் தேடித் தோண்டிய சிறு குழி மூடாமல் அப்படியே கிடக்கும். ஓடும் நீர் அதில் தேங்கும், காற்றில் வரும் விதையும் சருகும் அதில் சேரும். சுற்றியுள்ள வெறும் தரையில் முளைப்பதைவிட அதிகமான செடிகள் அந்தக் குழிகளில் முளைப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழி மெல்லத் தூர்ந்து மறையச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் முள்ளம்பன்றி வேறு பல இடங்களில் தோண்டியிருக்கும்.

காட்டில் நேரில் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? நாய்க்குக் குத்திவிட்டால்?

நின்று, மெல்லப் பின்வாங்கி, அது போக வழிவிடுங்கள். தானாக மனிதரைத் தேடி வந்து தாக்காது. வால் ஒலிப்பதோ கால் தட்டுவதோ கேட்டால் நீங்கள் ஏற்கெனவே ரொம்பப் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று பொருள். கையில் டார்ச் இருந்தால் அதன் முகத்தில் அடிக்க வேண்டாம். கீழே கிடக்கும் முள்ளை எடுத்துப் பார்க்க ஆசையாக இருக்கும். எடுப்பதென்றால் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, நடுவில் பிடித்து எடுங்கள். அதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி கூடாத இடங்கள் உண்டு என்பதால் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

நாய்க்குக் குத்தினால் நேரே கால்நடை மருத்துவரிடம்தான். முள்ளை நடுவில் வெட்டினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி எளிதாக வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. வெட்டிய முள் பிளக்கும், பிடித்து இழுக்க நுனியும் இருக்காது. நாய் காலால் தேய்த்து முள்ளை ஒடித்துவிடாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து ஒவ்வொன்றாக எடுப்பார். வாய்க்குள்ளும் நாக்குக்கு அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே ஏறிய முட்களைத்தான் எளிதில் தவறவிடுவோம்.